ரிஜெக்ட் ஷீட்டில் இடம்பெறாத காரணம்

மணவாள நகரில் கம்பெனி பஸ் ஏறும் லைன் லீடர்களுக்கும் ஷிஃப்ட் சூப்பர்வைசர்களுக்கும்,

லைனில் ஒரு பீஸ் கெட்டுப்போனால் ரிஜெக்ட் ஷீட்டில் காரணம் எழுத வேண்டியவர் நீங்கள். பெரும்பாலான ஷீட்டுகளில் அந்தக் கட்டத்தில் இருப்பது 'ஆபரேட்டர் கவனக்குறைவு'. பக்கத்துக் கட்டத்தில், எடுத்த நடவடிக்கை: 'ஆபரேட்டருக்கு அறிவுறுத்தப்பட்டது'. மெஷின் தகராறு செய்தால் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு அடிவரை போகிறீர்கள். ஆள் தப்புச் செய்தால் முதல் ஏனோடு நின்றுவிடுகிறீர்கள். கவனம் குறைந்தது சரி, அது எங்கே போயிற்று, எதனால் போயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

நான் ஆட்டோ பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஷீட்டுகளைப் படித்தே என் வேலைக்காலம் போனது. படிக்கப் படிக்க எனக்கு உறுதியான ஒன்றைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். அநியாயமாக நடத்தப்படுகிற மனிதனால் தன் முழு அறிவையும் வேலையில் வைக்க முடியாது. மந்தம், மறதி, அலட்சியம் என்று நீங்கள் குறித்துவைக்கிற பலவும் அவன் ஊரிலிருந்து கொண்டுவந்தவை அல்ல. நம் கேட்டுக்குள் வந்த பிறகு உண்டானவை.

ஏ ஷிஃப்ட் பஸ்ஸுக்காக விடியுமுன்னே ரயில்வே ஸ்டேஷன் பக்கமிருந்து நடந்து வருகிறவர்களைப் பாருங்கள். அரக்கோணம், திருத்தணி பக்கமிருந்து லோக்கலில் வந்து இறங்கியவர்கள் இருப்பார்கள். இங்கேயே ஓர் அறைக்கு நாலைந்து பேராகத் தங்கியிருக்கிறவர்கள் இருப்பார்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்கள், இன்ஜினீயரிங் படித்ததைச் சொன்னால் எடுக்கமாட்டார்கள் என்று மறைத்துவிட்டு ட்ரெய்னியாகச் சேர்ந்தவர்கள். சேர்ந்த புதிதில் இவர்கள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளாது. இந்த ஃபிக்சரை இப்படித் திருப்பி வைத்தால் என்ன, அந்தப் பின் ஏன் அடிக்கடி தேய்கிறது என்று துளைத்தெடுப்பார்கள். சில மாதம் கழித்து அதே பையனிடம் எதைக் கேட்டாலும் "தெரியல சார்" என்பான். இந்த மாற்றத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பையன் சரியில்லை என்று முடிவுகட்டியிருப்பீர்கள்.

நடப்பது இதுதான். ஒரே நேரத்தில் மனம் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடியது கொஞ்சம்தான். நேற்றுப் பத்துப் பேர் முன்னால் திட்டு வாங்கியவன் இன்று அதே ஸ்டேஷனில் நிற்கிறான். கையில் டார்க் ரெஞ்ச். மனதுக்குள்ளோ நேற்றைய வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது சொல்லாமல் விட்டதையெல்லாம் இப்போது உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்: "நான் செய்யல சார், முந்தின ஷிஃப்ட்லயே அது அப்படித்தான் இருந்துச்சு." அந்தப் பேச்சும், எத்தனையாவது போல்ட் என்கிற எண்ணிக்கையும் மனதில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. எண்ணிக்கை தோற்கிறது. மிச்சமிருக்கிற கவனத்தில் பாதி உங்கள் மேல். நீங்கள் எந்தப் பக்கமாக வருகிறீர்கள், முகம் எப்படி இருக்கிறது, இன்றைக்கு யார் மாட்டுவார்கள் என்று பார்க்கிறது. கேஜைப் பார்க்க வேண்டிய கண் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இது என் ஊகம் மட்டுமல்ல. லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து வரும் ஒயிட்ஹால் ஆய்வு என்று ஒன்று உண்டு. மேலதிகாரிகள் தங்களை நியாயமாக நடத்துவதில்லை என்று சொன்னவர்களுக்குப் பின்னாளில் நினைவாற்றல் சோதனையிலும் பகுத்தறியும் சோதனையிலும் மதிப்பெண் குறைந்திருந்ததை அந்த ஆய்வின் தரவுகள் காட்டின. 2012-ல் வெளியான முடிவு அது. அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்த்தவர்கள், நிரந்தர வேலையில் இருந்தவர்கள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிற, அடுத்த மாதம் வேலை உண்டா என்று தெரியாதவனுக்குப் பாதிப்பு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். ஒரே லைனில், ஒரே ஸ்டேஷனில், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேர். ஒருவர் பெர்மனன்ட், இன்னொருவர் காண்ட்ராக்ட். சட்டையின் நிறம் வேறு, அடையாள அட்டையின் கயிறு வேறு, சில இடங்களில் கேன்டீன் வரிசையும் வேறு. சம்பளத்தில் பாதிக்குப் பாதிகூட வித்தியாசம் இருக்கும். பல நாள் பெர்மனன்ட் ஆளுக்கு வேலை பழக்கிவிடுவதே காண்ட்ராக்ட் பையனாக இருப்பான். இதை நீங்கள் உண்டாக்கவில்லை. ஆனால் இதன் விளைவு தினமும் உங்கள் லைனில்தான் வந்து நிற்கிறது.

ஒடிசாவில் எமிலி பிரெசா, சுப்ரீத் கவுர், யோகிதா ஷம்தசானி என்ற மூன்று பொருளியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2018-ல் அந்த ஆய்வு வெளியானது. 378 தொழிலாளர்களை மூன்று மூன்று பேராகப் பிரித்துச் சிறு உற்பத்தி வேலைகளில் ஒரு மாதம் அமர்த்தினார்கள். சில குழுக்களில் மூவருக்கும் ஒரே கூலி, சிலவற்றில் ஆளுக்கொரு கூலி. ஒரே தொகை வாங்குகிற இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் பக்கத்திலிருப்பவர் அதே தொகை வாங்குகிறார், மற்றவரின் பக்கத்திலிருப்பவர் கூட வாங்குகிறார். இரண்டாமவர் குறைவாக உற்பத்தி செய்தார். அதுமட்டுமல்ல, வேலைக்கே வராமல் நின்றார். வருகை 18 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. வராத நாளுக்குக் கூலி இல்லை என்று தெரிந்தும் வரவில்லை. அடுத்தவர் ஏன் கூட வாங்குகிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்த இடங்களில், அதாவது அவர் கூடுதலாகச் செய்வது எல்லோருக்கும் தெரிந்த வேலைகளில், இந்தச் சரிவு இல்லை.

கடைசி நாளில் எல்லோருக்கும் விளையாட்டாக ஒரு வேலை கொடுத்தார்கள். சேர்ந்து கோபுரம் கட்ட வேண்டும், கட்டினால் பணம். கூலி வேறுபட்ட குழுக்கள் அதில் பின்தங்கின. தனித்தனியாகக் கட்டச் சொன்னபோது அவர்கள் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை. கைத்திறன் அப்படியேதான் இருந்தது. பக்கத்திலிருப்பவரோடு சேர்ந்து யோசிக்கும் திறன்தான் போயிருந்தது. லைன் என்பதே சேர்ந்து யோசிக்கிற இடம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஒடிசாவிலிருந்து வந்தவர்கள்தான் இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உலைக்குப் பக்கத்திலும் ரோலிங் மில்லிலும் நிற்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பது நமக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சூப்பர்வைசர் குறைவு. பாதுகாப்பு விதியைத் தமிழில் ஒரு தடவை கத்திச் சொல்லிவிட்டு, 'சொன்னேன், அவனுக்குப் புரியவில்லை' என்று எழுதுவது அறியாமை அல்ல, அநியாயம்.

நம் பிள்ளைகளிடமும் வேறு வகையில் இது நடக்கிறது. "எந்த ஊரு?" என்று தொடங்கி, "ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்று இறங்கிப் போகும் கேள்வி எதற்காக என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். அந்தக் கேள்வி கேட்கப்பட்ட பிறகு அவன் செய்கிற வேலையைக் கூர்ந்து பாருங்கள். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள் 642 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேர் மேல்சாதி என்று சொல்லப்படுகிறவர்கள், பாதிப் பேர் ஒடுக்கப்பட்ட சாதியினர். தாளில் வரைந்த சிக்கலான பாதைகளில் வழி கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் ஆறு பேர் நடுவில் உரக்கப் படித்துவிட்டு அதே சோதனையைக் கொடுத்தபோது ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை விழுந்தது. அதே வயது, அதே புதிர், அதே ஒரு ரூபாய். நமக்கு இங்கே நியாயம் கிடைக்காது என்ற நினைப்பு ஒன்றுதான் புதிதாக உள்ளே வந்தது. அந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து என்னால் 'அவனுக்கு அவ்வளவுதான் மூளை' என்று யார் சொன்னாலும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

நிச்சயமின்மையும் இதே வேலையைச் செய்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2013-ல் வந்தது. அதே விவசாயி, கையில் பணம் இல்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் புதிர்களில் கூடுதலாகத் தவறினார், மெதுவாகச் செய்தார். ஆலைப் பணம் வந்த பிறகு தெளிவாகச் செய்தார். பணத்தைப் பற்றிய கவலையே அறிவின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்திருந்தது. உங்கள் லைனில் இருக்கிறவனுக்கு இந்த மாத ஓ.டி. எத்தனை மணி நேரம் ஏறியிருக்கிறது, பிடித்தம் எதற்கு, பி.எஃப். கட்டியிருக்கிறார்களா என்று தெரியாது. சம்பளச் சீட்டு காண்ட்ராக்டர் கையில். கேட்டால் "வரும், வரும்". நிரந்தரப் பணி பற்றிய 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கு நெருங்கும்போது 'பிரேக்' கொடுத்து அனுப்புவார்கள் என்பது அறைக்கு அறை தெரிந்த பேச்சு. ஆகவே நாள் கூடக் கூட அனுபவத்தோடு பயமும் கூடுகிறது. நன்றாக வேலை தெரிந்த நேரத்தில்தான் மனம் அதிகமாக அலைகிறது.

உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அரசுத் துறைகளின் தற்காலிக ஊழியர்கள் பற்றிய வழக்கு அது. ஆனாலும் அதில் சொன்ன ஒன்று நம் லைனுக்கும் பொருந்தும். ஒரே வேலைக்குக் குறைந்த கூலியை யாரும் மனமுவந்து ஏற்பதில்லை, குடும்பத்துக்குச் சோறு போடுவதற்காகத் தன் சுயமரியாதையை விலையாகக் கொடுத்தே ஏற்கிறார்கள் என்ற பொருளில் நீதிபதிகள் எழுதினார்கள். அந்த விலையைக் கொடுத்துக்கொண்டே இருக்கிற மனதிடம்தான் நாம் பிழையில்லாத பீஸ் கேட்கிறோம்.

இனி 2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். உங்களில் பலர் அந்த இரவில் பஸ்ஸோடு நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த, நம் மாவட்டத்து விடுதி ஒன்றில் உணவு நஞ்சானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று அறைத் தோழிகளுக்குச் சொல்வார் இல்லை. சிலர் செத்துவிட்டார்கள் என்ற செய்தி கைப்பேசிகளில் பரவியது. அந்தப் பெண்கள் ராத்திரியில் இறங்கி சென்னை–பெங்களூரு சாலையை மறித்தார்கள். யாரும் இறக்கவில்லை. வதந்தியை நம்பிவிட்டார்கள், யோசிக்காமல் செய்துவிட்டார்கள் என்று அப்போது பலர் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சு அப்போதே பிடிக்கவில்லை. ஓர் அறையில் முப்பது பேர் வரை தரையில் படுத்தவர்கள் அவர்கள். உண்மையைச் சொல்லும் வாய் ஒன்றுகூட இத்தனை நாளும் தங்கள் பக்கம் திரும்பாததைப் பார்த்தவர்கள். கெட்டதே நடந்திருக்கும் என்று நினைத்தது அவர்கள் அனுபவம் கற்றுக்கொடுத்த கணக்கு. சோதனைக்குப் போன அதிகாரிகள் விடுதிச் சமையற்கூடத்தில் எலிகளைக் கண்டு அதை மூடினார்கள். ஆலை மறுபடி திறந்தது ஜனவரி 12-ல்தான். நல்ல சாப்பாடும், கேட்ட கேள்விக்கு நேர்ப் பதிலும் கொடுத்திருந்தால் அத்தனை நாள் உற்பத்தி நின்றிருக்காது.

2024 செப்டம்பரில் தொடங்கி அதே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்து வெளியே இருந்தார்கள். சம்பளமும் கேட்டார்கள். ஆனால் பேச்சை இழுத்துக்கொண்டே போன கேள்வி, தங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. எங்கள் குரலை ஒரு குரலாக எண்ணுங்கள் என்பதற்காக 37 நாள் சம்பளத்தை இழக்கத் தயாராக இருந்தார்கள்.

குரல் அடங்கிய லைனில் என்ன நடக்கும் என்பதை நான் குவாலிட்டி மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன். ரிஜெக்ட் குறையும். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். உண்மையில் குறைந்தது ரிஜெக்ட் அல்ல, சொல்வது. கெட்ட பீஸ் டிரேயின் அடியில் போகும், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அடுத்தவர் தலையில் விழும், கடைசியில் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து புகாராகத் திரும்பி வரும். அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன் 1996-ல் எழுதிய முடிவைப் பாருங்கள். நல்ல தலைமை இருந்த வார்டுகளில்தான் பதிவான தவறுகள் அதிகம் இருந்தன. அங்கே பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். கையில் அடிபட்டதைக்கூடச் சொல்லாமல் துணியைச் சுற்றிக்கொண்டு ஷிஃப்ட் முடிக்கிற பையன்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அது வீரமல்ல. சொன்னால் தன் தப்பு என்று எழுதிவிடுவார்கள் என்ற கணக்கு.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. மணிக்கு இத்தனை பீஸ் என்ற போர்டு உங்கள் தலைக்கு மேலே தொங்குகிறது. ஆள் குறைந்தாலும் அந்த எண்ணிக்கை குறைவதில்லை. காலை மீட்டிங்கில் மேனேஜர் உங்களை நிற்கவைத்துக் கேட்பதைத்தான் பத்து நிமிடம் கழித்து நீங்கள் லைனில் இறக்கிவைக்கிறீர்கள். அந்த மீட்டிங்கிலிருந்து வெளியே வந்ததும் ஒரு எளிய கணக்கு உங்களுக்கே தப்பிப்போகும், போன வாரம் தீர்த்த ஒரு சிக்கல் நினைவுக்கு வராது. அப்போது உங்கள் தலைக்குள் நடப்பதும் இதேதான். அதை வைத்து லைனில் நிற்கிறவனைப் புரிந்துகொள்ள உங்களால் முடியும், மேனேஜரால் அவ்வளவு எளிதாக முடியாது.

சம்பளத்தை நிர்ணயிப்பது நான் இல்லை, என்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். ஜெரால்டு கிரீன்பெர்க் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. நான்கு மருத்துவமனைகளில் 467 செவிலியர்கள். இரண்டில் சம்பள முறையை மாற்றியதால் அவர்களுக்கு வருமானம் குறைந்தது, தூக்கம் கெட்டது. அவற்றில் ஒன்றில் மேற்பார்வையாளர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். மரியாதையாகப் பேசுவது, காரணத்தை மறைக்காமல் விளக்குவது, சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது, அவ்வளவுதான். சம்பளம் கூடவில்லை. ஆனாலும் அந்தச் செவிலியர்களின் தூக்கமின்மை குறைந்தது, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் குறைந்தே இருந்தது. தூங்கி எழுந்தவனுக்குத்தான் புத்தி வேலை செய்யும். ஒரு சூப்பர்வைசரால் அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்கவும் முடியும், திருப்பிக் கொடுக்கவும் முடியும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இனிமையாகப் பேசிவிட்டால் குறைந்த கூலி நியாயமாகிவிடாது. மேலிடம் உங்கள் நல்ல பேச்சை அதற்காகப் பயன்படுத்தப் பார்க்கும், இடம் கொடுக்காதீர்கள். கூலியில் இருக்கும் அநியாயத்தைக் கூலியில்தான் தீர்க்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது வேறொரு பகுதி, அதுவும் சின்னதல்ல.

திட்ட வேண்டியிருந்தால் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். பத்துப் பேர் முன்னால் வேண்டாம். தப்பு நடந்ததும் என்ன ஆயிற்று என்று முதலில் அவனைப் பேசவிடுங்கள், முந்தின ஷிஃப்டின் பதிவையும் எடுத்துப் பாருங்கள். ஓ.டி. இருந்தால் ஷிஃப்ட் முடியப்போகும் கடைசி நேரத்தில் சொல்லாமல் முன்னாலேயே சொல்லுங்கள். ஊருக்குப் போகிற கடைசி லோக்கலை விட்டவன் அன்று ராத்திரி எங்கே படுப்பான் என்று நினைத்துப் பாருங்கள். பெண்கள் பாத்ரூம் போக ரிலீவருக்காகக் கெஞ்ச வைக்காதீர்கள். இந்திக்காரர்கள் என்று கூட்டமாகச் சொல்லாமல் ஒவ்வொருவர் பெயரையும் கற்றுக்கொள்ளுங்கள். எந்தத் தெரு என்ற கேள்வியை உங்கள் லைனில் யார் கேட்டாலும் நிறுத்துங்கள். யாராவது ஒரு யோசனை சொன்னால் அது சரிப்பட்டு வராது என்றாலும் ஏன் வராது என்று மறுநாள் போய்ச் சொல்லுங்கள். பதில் கிடைக்கும் என்று தெரிந்தவன் மறுபடியும் யோசிப்பான்.

இவையெல்லாம் லைனுக்குள் நீங்கள் செய்யக் கூடியவை. இன்னொன்று லைனுக்கு வெளியே. மாதாந்திர ரிவ்யூ மீட்டிங்கில் எண்ணிக்கைகளை வாசித்து முடித்ததும் எச்.ஆரிடம் மூன்று கேள்விகளை நீங்களாகக் கேளுங்கள். காண்ட்ராக்ட் ஆட்களுக்குச் சம்பளச் சீட்டு மாதாமாதம் கையில் கிடைக்கிறதா? ஒரே ஸ்டேஷனில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் ஏன்? 480 நாளை நெருங்குகிறவர்களை என்ன செய்யப்போகிறீர்கள்? ஒருவராகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் மூன்று ஷிஃப்ட் சூப்பர்வைசர்களும் சேர்ந்து கையெழுத்திட்டு எழுத்தில் கொடுங்கள். இந்த மாத மீட்டிங்கிலேயே கொடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற குவாலிட்டி ஊழியர் ஒருவர்
மணவாள நகர், திருவள்ளூர்